பிழைக் கொப்பியின் நடுக் கட்டம்

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அறைக்கு அறை இலக்கம் கொடுத்துவிட்டார்கள். போன மாசம் இரண்டு பேர் வந்து ஒவ்வொரு காம்பரா வாசலிலும் நீலத் தகரம் ஒன்றை அடித்துவிட்டுப் போனார்கள். ஆயுள் முழுக்க இந்த ஒரே காம்பராவில் கிடந்தவனுக்கு எழுபது வயதில் முகவரி கிடைத்திருக்கிறது. இனி கடிதம் தோட்டத்து ஆபீஸான கந்தோருக்குப் போகாது. அரசாங்கத் தபால்காரர் மோட்டார் சைக்கிளில் வாசலுக்கே கொண்டுவருவார்.

அந்தத் தபால்காரர் சுரேஷ். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், நல்ல மனுஷன். எந்தத் தகரம் யாருடையது என்று தெரியாமல் முதல் வாரம் முழுக்க என்னிடம்தான் வந்து நின்றார். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "மாமா, நம்ம போஸ்ட் ஆபீஸ்ல ஒங்க கம்பளிக் கதைய இன்னும் பேசிக்கிறாங்க. நீங்களே ஒருக்கா எழுதிக் குடுங்களேன். புதுசா வாறவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்" என்றார்.

நான் சிரித்து மழுப்பினேன். அவர் விடவில்லை. "போன கிழமை நா ஒரு கடுதாசிய வேற வீட்டுல குடுத்துட்டேன். சொல்லுவமா வேணாமான்னு யோசிச்சேன். ஒங்க கத ஞாபகம் வந்துச்சு. அடுத்த நாளே போய்ச் சொல்லிட்டேன் மாமா" என்றார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பாதியில் கீழே வைத்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மாத்தளைப் பக்கம், எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருஷம் தபால்காரனாக இருந்தேன். அரசாங்க உத்தியோகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தோட்டத்துக் கந்தோர் வைத்துக்கொண்ட ஆள். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் இறங்கிக் கடைத்தெருத் தபால் கந்தோருக்குப் போவது, வந்த கடிதங்களோடு மூன்று மைல் ஏறி வருவது. லயத்து ஜனங்களுக்குத் தனி முகவரி கிடையாது. பேர், தகப்பன் பேர், லய இலக்கம், தோட்டத்தின் பேர், அவ்வளவுதான். எங்கள் தோட்டத்தில் மட்டும் ஏழு லெட்சுமிகள் இருந்தார்கள்.

எழுபத்து நாலில், பாண் என்கிற ரொட்டிக்கும் மாவுக்கும் ஜனங்கள் அலைந்த பஞ்சத்தில், இந்த வேலை எனக்குக் கிடைத்தது. எனக்கு முன் இருந்தவர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த, கால் உரமுள்ள ஆள் வேண்டும் என்றார்கள். இரண்டும் என்னிடம் இருந்தன. பயிற்சி மூன்று நாள். முதல் நாள் குறுக்குப் பாதை, இரண்டாம் நாள் பை, மூன்றாம் நாள் வழியிலுள்ள நாய்கள்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடித்த கித்தான் பை. வாயில் பித்தளைக் கம்பி, அதில் ஒரு பூட்டு. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று தபால் கந்தோரில், இன்னொன்று எங்கள் பெரிய கிளாக்கர் ஜமால்தீன் ஐயாவின் இடுப்பு வளையத்தில். என்னிடம் சாவி கிடையாது. பூட்டிய பையைச் சுமந்து வந்து பூட்டியபடியே மேசையில் வைக்க வேண்டும். வழியில் பைக்கு வெளியே ஒரு கடிதமும் என் கையில் இருக்கக் கூடாது. ஜமால்தீன் ஐயா என்னிடம் கண்டிப்பாகச் சொன்ன சட்டம் அது ஒன்றுதான்.

ஐயா மாத்தளை டவுன்காரர். பரம்பரையாக அங்கேயே இருக்கிற முஸ்லிம் குடும்பம். ஒல்லியான ஆள், வெள்ளைச் சட்டை, காதோரம் எப்போதும் ஒரு பென்சில். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போய் வந்தால் கந்தோர் முழுக்க அத்தர் மணக்கும். பெருநாளைக்கு வட்டிலாப்பம் கொண்டுவந்து எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு வெட்டித் தருவார். மற்றக் கிளாக்கர்மார் கொழுந்தெடுக்கும் பெண்களை 'ஏய்' என்று கூப்பிட்ட காலத்தில் அவர் 'வாங்க' என்பார். என்னை மட்டும் 'நீ' என்பார். அது எனக்குப் பெருமையாக இருந்தது. கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தணியும். தணிந்த குரலைக் கேட்டால் எங்களுக்குக் குலை நடுங்கும்.

பை வந்ததும் மேசையை ஒரு துணியால் துடைப்பார். பூட்டைத் திறந்து கடிதங்களைக் கவிழ்ப்பார். தபால் அட்டை இருந்தால் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி உடனே திருப்பிப் போடுவார். அடுத்தவன் சங்கதி கண்ணில் படக் கூடாதாம். பிறகு துரைக்கு ஒரு கட்டு, ஃபெக்டரிக்கு ஒரு கட்டு, உத்தியோகத்தர்களுக்கு ஒரு கட்டு. கடைசியில் லயத்துக் கடிதங்களை என்னிடம் தருவார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். "உள்ளத வாசி. கூட்டாத, கொறைக்காத. ஒரு வீட்டுக் கதைய அடுத்த வீட்டுக்குக் கொண்டு போகாத" என்று முதல் வாரமே சொல்லியிருந்தார்.

மேசை லாச்சிக்குள் அவர் ஒரு சிவப்பு மட்டைக் கொப்பி வைத்திருந்தார். அதற்குப் பிழைக் கொப்பி என்று பேர். கந்தோரில் யார் என்ன பிழை விட்டாலும், விட்டவனே தன் கையால் சிவப்பு மையில் அதில் எழுத வேண்டும். பக்கத்துக்கு மூன்று கட்டம். என்ன பிழை, எப்போது தெரிந்தது, எப்போது சொன்னது. முதல் இரண்டு பக்கமும் அவருடைய பிழைகள்தான். துரைக்கு வந்த கடிதம் ஒன்றை ஃபெக்டரிக் கட்டில் வைத்தது கூட அதில் இருக்கிறது. நடுக் கட்டத்திலும் கடைசிக் கட்டத்திலும் ஒரே திகதி.

பிழைக்காக அவர் யாரையும் ஏசி நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவே நாள் ஓடியிருந்தால்தான் அவர் குரல் தணியும். ஒரு சின்னக் கிளாக்கர் ஒருமுறை மூன்று நாள் பிந்திச் சொன்னார். "கை பிசகினது ஒரு நாள். மத்த மூணு நாளும் பிசகினது என்ன தம்பி?" என்று ஐயா கேட்டது வெளி விறாந்தையில் நின்ற எனக்குக் கேட்கவே இல்லை. அந்தச் சின்னக் கிளாக்கர் சொல்லித்தான் தெரியும். அவர் கண் கலங்கியிருந்தது.

இப்போது சிவகாமிக்கு வருகிறேன்.

சிவகாமி ஆறாம் லயத்தில் இருந்தாள். கொழுந்தெடுக்கிறவள். புருஷன் பேர் ராமலிங்கம். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி தோட்டத்து ஜனங்கள் இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்ட காலத்தில் இரண்டு பேருக்கும் கல்யாணமாகவில்லை. அவன் பேர் அவன் அப்பன் மனுவில், அவள் பேர் அவள் அப்பன் மனுவில். அவன் குடும்பத்துக்குப் பாஸ்போட் முதலில் வந்தது, இங்கே தங்குகிற விசாவும் முடிந்தது, போகத்தான் வேண்டும் என்றார்கள். சிவகாமியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு அவன் போனான். "ஒன் பேப்பர் வந்தோன நீயும் வந்துரு" என்று லொறியில் நின்றபடி அவன் கத்தியது எங்கள் லயம் முழுக்கக் கேட்டது.

அதற்கு அடுத்த வருஷம்தான், எண்பத்து மூன்று கலவரத்தில், மாத்தளை டவுனில் தமிழர் கடைகளை எரித்தார்கள். புகை எங்கள் மலையிலிருந்தே தெரிந்தது. அதற்குப் பிறகு போக மனமில்லாதவர்களும் போகத் துடித்தார்கள். சிவகாமியைக் கேட்கவே வேண்டாம். கூடையை முதுகில் போட்டுக்கொண்டு தினமும் கந்தோர்ப் பக்கமாக வந்து, "கடுதாசி இருக்கா அண்ணே?" என்பாள். "இல்ல தங்கச்சி" என்பேன்.

கடைகள் எரிந்ததற்கு அடுத்த வருஷம், புரட்டாசியில் ஒரு நாள். நல்ல மழை. தபால் கந்தோரில் பையைப் பூட்டி என்னிடம் தந்தாயிற்று. நான் படியிறங்கிவிட்டேன். போஸ்ட் மாஸ்டரான தபால் மாத்தயா பின்னாலேயே வந்தார். வயதான சிங்களப் பெரியவர், எங்கள் ஆட்களிடம் மரியாதையாகப் பேசுகிறவர். அவர் கையில் ஒரு பழுப்பு உறை. "வேறு தோட்டத்துக் கட்டில் கிடந்தது. நாளைக்குப் பையில் போடட்டுமா, கொண்டு போகிறாயா?" என்று சிங்களத்தில் கேட்டார். பார்த்தேன். சிவகாமி பேர். கண்டியிலிருக்கிற இந்தியப் பாஸ்போட் ஆபீஸ் முத்திரை.

சட்டப்படி நாளைக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகம் ஞாபகம் வந்தது. இன்றைக்கே கொடுத்தால் எப்படிச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். வாங்கி, நனையாமல் இருக்கக் கம்பளியின் உள்மடிப்பில் செருகினேன். தலையில் போட்டால் முழங்கால் வரை தொங்குகிற தோட்டத்துக் கம்பளி. தையல் விட்ட இடத்தில் ஒரு பை மாதிரி இருக்கும்.

வழியில் மண் சரிந்து கிடந்தது. சுற்றுப் பாதையில் ஏறி, தொப்பலாக நனைந்து, அட்டைக்கடியோடு கந்தோருக்கு வந்து பையை வைத்தேன். குளிரில் பல் கிட்டியது. வீட்டுக்கு வந்து கம்பளியை அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டேன். கடிதம் சுத்தமாக மறந்துவிட்டது.

மறுநாள் வெயில் அடித்தது. அதற்கு மறுநாளும் வெயில். இருபது நாள் ஒரு பொட்டு மழை இல்லை. கம்பளிக்கு வேலையே வரவில்லை. தோட்டமே கொழுந்து இல்லை என்று புலம்பியது, நான் மட்டும் பாதை காய்ந்துவிட்டது என்று சந்தோஷமாக நடந்தேன். தினமும் சிவகாமி கேட்டாள். தினமும் "இல்ல தங்கச்சி" என்றேன். அந்த இருபது நாளும் நான் சொன்னது எனக்குத் தெரிந்தவரை உண்மை.

அவள் பொறுக்க மாட்டாமல் ஜமால்தீன் ஐயாவிடமே போனாள். அவளுக்குப் பின்னால் மனுப் போட்டவர்களுக்கெல்லாம் கடிதம் வந்துவிட்டதே என்று அழுதாள். ஐயா என்னைக் கூப்பிட்டார். "செல்லையா, இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் வந்து ஒன் கையில பட்டுச்சா?" "இல்லீங்க ஐயா" என்றேன். மறந்தவனுக்கு எப்படித் தெரியும்?

ஐயா என்னைக் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்கே போனார். தபால் மாத்தயா யோசித்துப் பார்த்துவிட்டு, "இந்த ஆள் கையில்தான் தந்தேன், மழை நாள்" என்றார். எனக்குக் கொஞ்சமும் ஞாபகம் வரவில்லை. நான் தலையை ஆட்டினேன். ஐயா நிமிர்ந்து நின்று, தபால் முத்திரை வாங்க நின்ற ஆட்களுக்கு முன்னால், "என் தபால்காரன் பொய் சொல்ல மாட்டான். நீங்கதான் எங்கயோ தவற விட்டுட்டு ஆள் மேல பழி போடுறீங்க" என்று சிங்களத்தில் சொன்னார். அந்தப் பெரியவர் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் ஐப்பசி மழை பிடித்தது. காலையில் கம்பளியை எடுத்து உதறினேன். அடுப்பங்கல்லில் பொத்தென்று விழுந்தது அந்த உறை. புகை குடித்துக் கருகின நிறத்தில் இருந்தது. ஆனால் பேர் தெளிவாகத் தெரிந்தது.

அந்த நிமிஷமே கந்தோருக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. நேற்றுத்தான் எனக்காக ஐயா ஊருக்கு முன்னால் சத்தியம் பண்ணாத குறையாகப் பேசியிருக்கிறார். இன்றைக்கு நான் போய் இதை நீட்டினால் அவர் முகத்தை எங்கே வைப்பார்? வேலை போகும். வேலை போனால் காம்பரா போகும். என் பெண்சாதிக்கு அப்போது எட்டு மாசம். நாளைக்குச் சொல்லலாம் என்று உறையை டிரங்குப் பெட்டியில், என் கல்யாண வேட்டிக்கு அடியில் வைத்தேன்.

நாளைக்கு மறுநாளானது. சிவகாமி வந்தாள். "கடுதாசி இருக்கா அண்ணே?" "இல்ல தங்கச்சி." அதே வார்த்தைதான். முன்பு சொன்ன இருபது தடவையிலும் இல்லாத ஒரு கசப்பு அப்போது என் நாக்கில் இருந்தது.

மூன்றாம் நாள் பையில் ராமலிங்கத்தின் கடிதம் வந்தது. இந்தியாவிலிருந்து, நீல நிற ஏர்மெயில். சிவகாமிக்கு வாசிக்கத் தெரியாது. விறாந்தைப் படியில் உட்கார்ந்து நான்தான் வாசித்துக் காட்டினேன். 'பேப்பர் வந்தவுடன் ஒரு நாளும் தாமதிக்காதே. கப்பல் எத்தனை நாளைக்கு ஓடுமோ தெரியாது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். நீ வருகிற திகதியை எழுது, நான் ராமேஸ்வரத்தில் வந்து நிற்பேன். பிள்ளைக்கு ஒரு கவுன் எடுத்து வைத்திருக்கிறேன்.' கூட்டவில்லை, குறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி வாசித்தேன். அவள் கவுன் என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அதற்குப் பிறகும் நான் ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதுகிறபோது நடுவில் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். வயதால் என்று சொல்லிவிடலாம். அது பொய்.

எட்டாம் நாள் தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து ஒரு குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டது. பெட்டி படுக்கையை லொறியில் ஏற்றினார்கள். மழைத் தூறலில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். சிவகாமி அவர்கள் பிள்ளையைத் தூக்கி லொறியில் கொடுத்துவிட்டு, லொறி வளைவில் மறைகிற வரைக்கும் கையை ஆட்டினாள். பிறகு என்னிடம் திரும்பி, "நமக்கும் வருமா அண்ணே?" என்றாள். ஏதோ நானும் அவளோடு கப்பலேறப் போகிறவன் மாதிரி, நமக்கும் என்றாள்.

வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் திறந்தேன். உறையை எடுத்துக்கொண்டு நேரே கந்தோருக்குப் போய் ஐயாவின் மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மழை, மண் சரிவு, கம்பளி, அடுப்புப் பரண், வெயில். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்ப கெடச்சிச்சு?"

"இன்னைக்குத்தான் ஐயா. மழைக்குக் கம்பளிய எடுத்து ஒதறினேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எட்டு நாளாக விடாமல் பெய்கிற மழை வெளியே பெய்துகொண்டிருந்தது. அந்த எட்டு நாளும் அதே கம்பளியைப் போட்டுக்கொண்டுதான் நான் அந்த மேசைக்கு முன்னால் வந்து சொட்டச் சொட்ட நின்றேன். அவர் என் பக்கம் திரும்பினார். லாச்சியைத் திறந்து சிவப்புக் கொப்பியை என் பக்கம் நகர்த்தினார். நான் எழுதினேன். என்ன பிழை என்று விவரமாக எழுதினேன். எப்போது தெரிந்தது, இன்று. எப்போது சொன்னது, இன்று. அவர் அந்த நடுக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினார்.

பிறகு நடந்தது ஊருக்கெல்லாம் தெரிந்த கதை. சுரேஷ் கேட்ட கதை. ஐயா சிவகாமியைக் கந்தோருக்குள் கூப்பிட்டார். கதிரையை விட்டு எழுந்து நின்று, "எங்க கந்தோர்ப் பிழைம்மா. மன்னிக்கணும்" என்றார். கிளாக்கர் ஒருத்தர் கொழுந்துக்காரிக்கு எழுந்து நின்றதை அந்தத் தோட்டம் அன்றைக்குத்தான் பார்த்தது. அவளோ கோபிக்கவே இல்லை. "கெடச்சிருச்சா! கெடச்சிருச்சா!" என்று உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மறைக்காமச் சொன்னீங்களே அண்ணே, நீங்க நல்லாருக்கணும்" என்று என்னைக் கும்பிட்டாள்.

அடுத்து ஐயா மழையோடு என்னைக் கூட்டிக்கொண்டு தபால் கந்தோருக்கு நடந்தார். அவ்வளவு தூரம் அவர் நடந்து நான் பார்த்ததில்லை. தபால் மாத்தயாவிடம் முதலில் தன் பிழையைச் சொன்னார், பிறகு என்னைச் சொல்ல விட்டார். அந்தப் பெரியவர் என் தோளில் கை வைத்து, "நீயே வந்து சொன்னாயே, அது போதும்" என்றார். மறுநாள் காலையில் பிரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், ஐயா இதை எல்லோருக்கும் அறிவித்தார். என் வேலை போகவில்லை. 'பிழையை ஒத்துக்கொண்ட தபால்காரன்' என்ற பேர்தான் வந்தது.

அந்தக் கடிதத்தோடு சிவகாமி கண்டிக்குப் போனாள். பாஸ்போட் கிடைத்தது, டிக்கெட்டும் கிடைத்தது. இரண்டு கோழியை விற்றாள், ஆட்டுக்கல்லை என் பெண்சாதிக்குக் கொடுத்தாள். ராமலிங்கத்துக்கு நான்தான் கடிதம் எழுதினேன், இந்தத் திகதியில் வருகிறாள் என்று. பெட்டியோடும் பிள்ளையோடும் அவளைப் பஸ் ஏற்றிவிட்டோம்.

நாலாம் நாள் மத்தியானம் நான் பையோடு ஏறி வருகிறேன். மாத்தளை பஸ் வந்து நின்றது. சிவகாமி இறங்கினாள். இடுப்பில் பிள்ளை, பஸ்ஸின் மேலிருந்து அதே டிரங்குப் பெட்டி. வடக்கே சண்டை முற்றிக் கப்பல் ஓட்டமே நின்றுவிட்டதாம். என்றைக்கு ஓடும் என்று யாருக்கும் தெரியாதாம். நான் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆறாம் லயம் வரைக்கும் அவளுக்கு முன்னால் நடந்தேன்.

லொறியில் போனதே அந்தக் கீழ் டிவிஷன் குடும்பம், அவர்கள் கடலைக் கடந்துவிட்டார்கள். கரை சேர்ந்தோம் என்று அவர்கள் எழுதிய தபால் அட்டை பையில் வந்தது. ஐயா வழக்கம்போல அதைக் கவிழ்த்துப் போட்டார். எடுத்துப் போய் அவர்கள் சொந்தக்காரருக்கு வாசித்துக் காட்டியவன் நான்தான்.

அந்தக் கப்பல் திரும்ப ஓடவில்லை. ஆகாயக் கப்பலில் போகக் கொழுந்துக்காரிக்கு ஏது வழி? ராமலிங்கத்தின் கடிதம் மாசத்துக்கு ஒன்று வந்தது. பிறகு தீபாவளிக்குத் தீபாவளி வந்தது. பிறகு வரவில்லை. வந்த எல்லாவற்றையும் நான்தான் வாசித்தேன். வராத வருஷங்களிலும் அவள் கந்தோர்ப் பக்கம் வந்து நிற்பாள். கேட்க மாட்டாள், பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன்.

என் பேர் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. எண்பத்தொன்பதில், கிளர்ச்சியில் ஊரெல்லாம் பயந்து கிடந்த காலத்தில், வழியில் ராணுவக்காரர்கள் என்னை மறித்துப் பையைத் திறக்கச் சொன்னார்கள். சாவி என்னிடம் இல்லை என்றேன். நம்பவில்லை. முட்டி போட வைத்தார்கள். யாரோ போய்ச் சொல்லி, பென்ஷன் வாங்கி வீட்டிலிருந்த பழைய தபால் மாத்தயா சாரத்தோடு ஓடி வந்தார். "இந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டான், தன் பிழையைத் தானே வந்து சொன்ன ஆள்" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். விட்டுவிட்டார்கள். நான் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு நடந்தேன். உயிர் பிழைத்த சந்தோஷம் எனக்கு வரவே இல்லை.

அடுத்த வருஷம் ஜமால்தீன் ஐயா ஓய்வு பெற்றார். போகிற அன்று சிவப்புக் கொப்பியை என் கையில் தந்தார். "புது ஆள் இத வச்சிக்க மாட்டாரு. நீ வச்சிக்க செல்லையா. இன்னும் எழுத வேண்டியது இருந்தா எழுது" என்றார். குரல் தணிந்திருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கும் நினைத்தேன், நினைக்காதவன் மாதிரி இருந்தேன்.

மாத்தளைக்குப் போகிற போதெல்லாம் அவர் வீட்டுத் தெரு வரைக்கும் போவேன். சில நாள் உள்ளேயும் போவேன். தேத்தண்ணி தருவார், முட்டி வலியைப் பற்றிப் பேசுவார். சொல்ல வாயெடுத்துவிட்டு மிளகு விலையைக் கேட்டுவிட்டு வருவேன். அவர் மௌத்தான செய்தி வந்தபோது போனேன். மண் போடுகிற வரிசையில் நின்று மூன்று பிடி மண் போட்டேன். ஐயா, எட்டு நாள் ஐயா, என்று மனதுக்குள் சொன்னேன். அவர் இருக்கும்போது ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அந்த அத்தர் மணம் இப்போதும் எங்காவது பஸ்ஸில் அடித்தால் சட்டென்று திரும்பிப் பார்க்கிறேன். அவர் மேசைக்கு முன்னால் நனைந்த கம்பளியோடு இன்னொரு தடவை நிற்கக் கிடைத்தால், அந்தக் கேள்வியை அவர் இன்னொரு தடவை கேட்டால், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரன் இல்லை. என் புளுகு என்னோடு கிழமாகிவிட்டது.

சுரேஷ் அந்தக் கடிதக் கதையைச் சொல்லிவிட்டுப் போன பிறகு கொப்பியை எடுத்தேன். பேரப்பிள்ளையின் சிவப்புப் பேனையால் நடுக் கட்டத்தை வெட்டி, எட்டு நாளுக்கு முந்திய திகதியை எழுதினேன். கடைசிக் கட்டத்தையும் வெட்டினேன். அதில் எழுத இன்னும் திகதி இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. கொப்பிக்குச் சொன்னால் போதுமா? ஆறாம் லயம் இங்கிருந்து கால் மைல் கூட இல்லை.

அடுத்த நாள் மத்தியானம் போனேன். சிவகாமியின் வாசலிலும் நீலத் தகரம் இருந்தது. மகளை இரத்தோட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகத்தான் இருக்கிறாள். சாக்கை விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, என்ன இந்த வெயில்ல?" என்றாள். நான் படியில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். கடிதம் கிடைத்தது அன்றைக்கு இல்லை, அதற்கு எட்டு நாள் முந்தி. எட்டு நாளும் என் பெட்டியில் வைத்திருந்தேன்.

அவள் மிளகைக் கிளறின கை நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கவுன் எடுத்து வச்சிருக்கேன்னு எழுதியிருந்தாரே, அத நீங்க வாசிச்சுக் காட்டின அன்னைக்கு, இது ஒங்க பெட்டிக்குள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு தங்கச்சி."

"நா ரெண்டாந்தரம் வாசிக்கச் சொன்னப்பவும்?"

"இருந்துச்சு."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, வானத்தைப் பார்த்தாள்.

"இத்தன வருஷமா நா அந்த இருவது நாள் வெயிலத் திட்டிக்கிட்டு இருந்தேன்ணே" என்றாள்.